குறிஞ்சா: நாக்கை ஏமாற்றும் கொடியும் அதன் பெயரில் விற்கும் மற்றக் கொடியும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குச் சலரோகம் (நீரிழிவு) என்று தெரிந்தால், அவர் கிளினிக் கொப்பியோடு வீடு வந்து சேரும் முன்பே வேலிக்கு அப்பாலிருந்து ஆலோசனை வந்துவிடும்: "குறிஞ்சா இலையிலை கஞ்சி வைச்சுக் குடியுங்கோ, சீனி இறங்கிவிடும்." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. எந்தக் குறிஞ்சா? கஞ்சிக்குள் போன இலை எவ்வளவு? இறங்குவது நாக்கு உணரும் இனிப்பா, குருதியில் இருக்கும் குளுக்கோசா? இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் "குறிஞ்சா நல்லது", "குறிஞ்சா சும்மா" என்று வாதாடுவதில் பயனில்லை. முதலில் கொடியைப் பார்ப்போம்.

ஒரு பெயர், இரண்டு கொடிகள்

குறிஞ்சா என்று நாம் அழைப்பது ஒரு கொடியை அல்ல. சிறிய இலைக் கொடி ஒன்று, பெரிய இலைக் கொடி ஒன்று. முன்னது சிறுகுறிஞ்சா, சர்க்கரைக்கொல்லி என்பதும் அதுதான், சிங்களத்தில் மஸ்பெத்த. பின்னது பெருங்குறிஞ்சா, கொடிப்பாலை என்றும் சொல்வர், சிங்களத்தில் அங்குண. சந்தையில் கீரைக்கட்டாகக் கிடைப்பதும் வீட்டில் வறை, சுண்டல், இலைக்கஞ்சி என்று ஆவதும் பெரும்பாலும் பெரிய இலைக்காரன். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

சீனியின் இனிப்பை நாக்கில் அழிக்கும் புகழ் சிறுகுறிஞ்சாவுக்கு உரியது. அதற்குக் காரணமான பொருளுக்குப் பெயர் போன கொடி பெருங்குறிஞ்சா அல்ல. ஆகவே கஞ்சி குடித்துப் பயன் கண்டவரும் காணாதவரும் ஒரே இலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வகைப்பாடு எதற்கு உதவுகிறது

தாவரவியலில் ஒரு செடிக்கு இரண்டு சொல்லில் பெயர். முதற்சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளின் கூட்டம். நமது பாடசாலைப் புத்தகங்கள் இதைச் சாதி என்கின்றன. இரண்டாவது சொல் அந்தக் கூட்டத்துக்குள் ஒன்றைச் சுட்டும். இரண்டும் சேர்ந்தால் இனம். பல பேரினங்கள் சேர்ந்தது குடும்பம்.

சிறுகுறிஞ்சா ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே. பெருங்குறிஞ்சா திரெகியா வொலுபிலிஸ். சில நூல்களில் வட்டக்காகா வொலுபிலிஸ் என்றும் மார்ஸ்டெனியா வொலுபிலிஸ் என்றும் வரும், மூன்றும் ஒரே கொடிதான். ஆக, நமது இரண்டு குறிஞ்சாக்களும் வேறு வேறு பேரினங்கள். குடும்பம் மட்டும் ஒன்று: அப்போசைனேசியே.

இந்தக் குடும்பத்தை யாழ்ப்பாணத்தார் அறியாமல் இருக்க முடியாது. வெறுங்காணியில் நிற்கும் எருக்கு, கோயில் வாசல் நந்தியாவட்டை, முற்றத்து நித்தியகல்யாணி, நன்னாரி, அலரி எல்லாம் அதற்குள்தான். நன்னாரி சர்பத் ஆகிறது. அலரியோ இதயத்தை நிறுத்தும் நஞ்சு. ஒரே குடும்பம் என்பதால் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

பேரினத்துக்குள்ளும் இதே கதைதான். ஜிம்னிமாவில் 25க்கும் மேற்பட்ட இனங்கள் ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியாப் பக்கம் பரந்திருக்கின்றன. வட தாய்லாந்தில் கீரையாகச் சமைக்கும் ஜிம்னிமா இனொடோரம் சிறுகுறிஞ்சாவுக்கு நெருங்கிய உறவு. ஆனால் அதை மென்றால் இனிப்பு அப்படி மறைவதில்லை. "ஜிம்னிமா" என்ற முதற்சொல்லை மட்டும் பார்த்து மருந்துக்குணத்தை முடிவு செய்ய முடியாது. இரண்டாவது சொல்லும் வேண்டும்.

பெயர் மாறிக்கொண்டே இருப்பது பலரைக் குழப்புகிறது. சிறுகுறிஞ்சாவை சுவீடனைச் சேர்ந்த ரெட்சியஸ் 1781இல் பெரிப்லோக்கா என்ற வேறு பேரினத்தில்தான் முதலில் சேர்த்தார். 1810இல் ராபர்ட் பிரவுன் ஜிம்னிமா என்ற பேரினத்தை அமைத்தார். எருக்கு வகைகளை அலரி வகைகளிலிருந்து தனிக் குடும்பமாகப் பிரித்தவரும் அவரே. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரபணு ஒப்பீடு வந்த பின் அந்தப் பிரிவு நிலைக்கவில்லை. இரண்டும் மறுபடி ஒரே குடும்பமாகின. அதனால் பழைய மூலிகை நூலில் "அஸ்கிளெபியடேசியே" என்று குடும்பப்பெயர் போட்டிருந்தால் பிழை என்று எண்ண வேண்டாம், பழைய கணக்கு அது.

இதுவரை: குறிஞ்சா என்ற பெயரில் இரண்டு பேரினங்கள் இருக்கின்றன. நாக்கில் இனிப்பை மறைப்பது ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே. குடும்பமோ பேரினமோ ஒன்றாக இருப்பது மருந்துக்குணத்துக்கு உத்தரவாதம் அல்ல.

கொடியைக் கையில் வைத்துப் பார்த்தால்

இரண்டும் தண்டாலேயே சுற்றி ஏறும் கொடிகள். பாகலில் இருப்பதுபோல் பற்றுக்கம்பி கிடையாது. இலைகள் ஒரு கணுவில் இரண்டாக, எதிரெதிரே நிற்கும். கணுவுக்கு ஒற்றை இலையாக மாறி மாறி வந்தால் (சீந்தில் அப்படித்தான்) அது குறிஞ்சாவே அல்ல, அத்தோடு விட்டுவிடலாம். காம்பைக் கிள்ளினால் பால் வரும்.

சிறுகுறிஞ்சாவின் இலை பெரும்பாலும் 3 முதல் 6 செ.மீ. நீளம், நீள்வட்டம், நுனி சற்றுக் கூர். இலையைத் திருப்பி நடுநரம்பின் மேல் விரலை ஓட்டுங்கள்: பூனைமயிர் தட்டுப்படும். இளந்தண்டிலும் அந்த மயிர் உண்டு. பூ மிகச் சிறியது, மஞ்சள், கணுக்களில் கொத்தாக இருக்கும், கவனிக்காவிட்டால் தெரியாது. காய் ஒல்லியாக, நுனி நோக்கிக் கூராகும். வெடித்தால் எருக்கம் பஞ்சு போலப் பட்டுமயிர் கட்டிய விதைகள் பறக்கும். சோடிக் காயாக வர வேண்டியது, பலவேளை ஒன்றுதான் வளரும்.

பெருங்குறிஞ்சாவின் இலை உள்ளங்கை அளவு, 7 முதல் 15 செ.மீ. வரை போகும், அடி வட்டமாகவோ இதயம் போலவோ இருக்கும், காம்பு நீளம். பூ பச்சை நிறம், குடை போலத் தொங்கும் கொத்து. காய் தடித்தது.

ஒரு சிக்கல் என்னவென்றால், பெருங்குறிஞ்சாவின் கொழுந்து இலை சிறிதாகத்தான் இருக்கும். நுனித் தண்டை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்து அளவு பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். முற்றிய இலை உள்ள ஒரு முழம் கொடியாவது கையில் இருக்க வேண்டும்.

இரண்டோடும் மாறக்கூடிய வேறு கொடிகளும் நமது வேலிகளில் உண்டு. வேலிப்பருத்தி பால் வடியும், எதிரிலைக் கொடி. ஆனால் இலையைக் கசக்கினால் கெட்ட மணம், காயில் மென்முள். நஞ்சறுப்பானும் இதே குடும்பம், எதிரிலைக் கொடி. அதன் இலையை மென்றால் குமட்டல், வாந்தி, வாய்ப்புண் வரலாம். ஐயம் இருந்தால் பூவோ காயோ உள்ள கிளையைக் கைதடிச் சித்த மருத்துவர்களிடம் காட்டலாம். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரகமும் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) இனம் காணும் இடம்தான்.

நாக்கில் உண்மையில் நடப்பது

சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் தேநீரில் சீனி தெரியவில்லை என்பது இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரால் 1847இல் எழுத்தில் பதிவாயிற்று. 1887இல் ஊட்டியில் இருந்த டேவிட் ஹூப்பர் இலையிலிருந்து காரணப்பொருளைப் பிரித்து ஜிம்னிமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். பிறகு பார்த்தால் அது ஒரு பொருள் அல்ல, ஒரே அமைப்புள்ள பல பொருள்களின் கூட்டம். சபோனின் வகையைச் சேர்ந்தவை, அதாவது நீரில் குலுக்கினால் நுரை எழுப்பும் தாவரப் பொருள்கள்.

நாக்கின் சுவையரும்புகளில் இனிப்பை அறியும் கலங்கள் உண்டு. அந்தக் கலங்களின் மேற்பரப்பில் ஒரு வாங்கி இருக்கிறது. வாங்கி என்பது குறித்த பொருள் வந்து பொருந்தினால் கலத்துக்குள் செய்தி அனுப்பும் புரதம். இனிப்பு வாங்கி இரண்டு புரதங்கள் இணைந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு பகுதி கலமென்சவ்வுக்குள் பதிந்திருக்கும்.

கிணற்றடித் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் துலா, இரண்டு ஆடுகால் தூண்களுக்கு நடுவே கிடக்கும் அச்சுலக்கையில் ஆடி வாளி இறங்கும். சீனி செய்வது அந்தக் கயிறு இழுப்பு: வாங்கியின் வெளிப்பகுதியைப் பிடிக்கிறது, முழு வாங்கியும் அசைகிறது, கலத்துக்குள் "இனிப்பு" என்ற செய்தி போகிறது. ஜிம்னிமிக் அமிலம் கயிற்றைத் தொடுவதே இல்லை. அது ஆடுகாலடியில் அச்சுலக்கைக்கு ஆப்பு இறுக்கிவிடுகிறது. மென்சவ்வுக்குள் பதிந்த பகுதியில், இரண்டு புரதங்களில் ஒன்றில் மட்டும் (அதன் பெயர் டி1ஆர்3), போய் ஒட்டிக்கொள்கிறது. சீனி வந்து கயிற்றைப் பிடிக்கலாம், இழுக்கலாம், துலா அசையாது. இது 2014இல் வெளியான ஆய்வில் தெளிவானது.

இதிலிருந்து மூன்று விடயங்கள் தாமாகவே விளங்கும். எல்லா இனிப்புக்கும் அந்த ஒரே வாங்கி என்பதால் செயற்கை இனிப்புக் குளிசையும் சுவையற்றுப் போகும். உப்புக்கும் புளிப்புக்கும் வேறு வாங்கிகள் இருப்பதால் அவை அப்படியே தெரியும். ஆப்பு மெல்ல மெல்ல உமிழ்நீரில் கழன்றுவிடும் என்பதால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இனிப்பு திரும்பும். எலியின் நாக்கில் இந்த அமிலம் வேலை செய்யாது, அந்தப் புரதத்தின் அமைப்பு அதற்குச் சற்று வேறு.

இலையைச் சோதிக்கும் முறை

அடையாளம் உறுதியான இலையை மட்டும் வாயில் வையுங்கள். எதுவென்று தெரியாத கொடியைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை உதவாது. சிறுகுறிஞ்சாதான் என்று கண்ணால் உறுதி செய்த இலைக்கு வீரியம் உண்டா என்று பார்ப்பதற்கே இது.

முற்றிய பச்சை இலை ஒன்றிரண்டைக் கழுவி, நாக்கு முழுதும் படும்படி ஒன்று, ஒன்றரை நிமிடம் மெல்லுங்கள். சக்கையைத் துப்பி, சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை கொப்பளியுங்கள். இப்போது கால் தேக்கரண்டி சீனியை நாக்கில் வைத்தால் மணலைக் கடித்தது போல இருக்கும். பனங்கட்டி இன்னும் சுவாரசியம்: அதன் பதனீர் வாசனையும் இலேசான உவர்ப்பும் தெரியும், இனிப்பு மட்டும் காணாமற்போகும். பிறகு ஒரு கல் உப்பு, ஒரு துளி தேசிக்காய்ச்சாறு. அவை வழமைபோல் இருந்தால் சோதனை சரி.

உப்பும் தெரியவில்லை என்றால் நாக்கு வேறு காரணத்தால் மரத்திருக்கிறது. சுடுதேநீர் குடித்த உடனே செய்தால் இப்படி ஆகும். இனிப்பு அரைவாசிதான் குறைந்தது என்றால் இலையை அவசரமாக விழுங்கியிருப்பீர்கள், அல்லது நாக்கின் ஓரங்களில் சாறு படவில்லை. சரியாக மென்றும் இனிப்பு கொஞ்சமும் குறையவில்லை என்றால், உங்களிடம் இருப்பது பெரிய இலைக்காரனின் கொழுந்தாக இருக்கக்கூடும். கசப்பு இருப்பது எதையும் நிரூபிக்காது. பாகலும் கசக்கும், வேப்பிலையும் கசக்கும், அவை நாக்கின் இனிப்பை இப்படி அழிப்பதில்லை. "கசப்பு சீனியை முறிக்கும்" என்ற வாய்ப்பாட்டை இங்கேயே விட்டுவிடலாம்.

நாக்கிலிருந்து குருதிக்கு

பெரும் குழப்பம் இங்கேதான். நாக்கில் இனிப்பு தெரியாமற் போனதால் வாயில் இருந்த சீனி எங்கும் போய்விடவில்லை. விழுங்கினால் அது குடலுக்குப் போகும், குளுக்கோசாகி உறிஞ்சப்படும், குருதியில் ஏறும். நாக்கைச் சாட்சிக்குக் கூப்பிட்டு "சீனியே இல்லை" என்று சொல்லவைத்தாலும் குளுக்கோமீற்றர் ஒத்துக்கொள்ளாது.

அப்படியானால் குருதிச் சீனியில் பயனே இல்லையா? அதையும் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. குடலிலும் இனிப்பு வாங்கிகள் உண்டு. ஜிம்னிமிக் அமிலம் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைத் தாமதமாக்குவது விலங்குப் பரிசோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. மனிதரில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது 1990இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு. இரண்டாம் வகைச் சலரோகம் உள்ள 22 பேர், தாங்கள் எடுத்துக்கொண்டிருந்த குளிசைகளோடு சேர்த்து நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரத்தை 18 முதல் 20 மாதம் வரை எடுத்தார்கள். குருதிச் சீனி குறைந்தது, சிலருக்குக் குளிசையின் அளவைக் குறைக்க முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் மருந்தில்லாத வெறுங்குளிசை கொடுத்து ஒப்பிட்ட குழு அதில் இல்லை. ஒன்றரை வருடம் மருத்துவர் கண்காணிப்பில் இருக்கும் எவருக்கும் சாப்பாடும் நடையும் திருந்தி, எண் ஓரளவு இறங்கக்கூடும். அதில் இலையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

"கணையத்தைத் திரும்ப வளர்க்கும்" என்று பொதிகளில் எழுதுவது எலிகளில் செய்த பரிசோதனையிலிருந்து இழுத்து வந்தது. மனிதரில் அது நிறுவப்படவில்லை.

எமது பார்வையில் இந்த இலைக்கு மிக உறுதியான பயன் நாக்கிலேயே இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் இனிப்புத் தேடும் பழக்கம் உள்ளவர் இரண்டு இலையை மென்றால், அடுத்த அரை மணிக்குக் கேக் துண்டு ரப்பர் போல இருக்கும், கை தானாகப் பின்வாங்கும். மிட்டாய் உண்ணும் அளவு இப்படிக் குறைந்ததைச் சிறிய ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. "நோய் மாறும்" என்பதுதான் விற்கும்.

இதுவரை: நாக்கின் விளைவு உறுதியானது, குறுகியது. குருதிச் சீனியில் ஏதோ விளைவு இருக்கலாம் என்பதற்கு அறிகுறிகள் உண்டு, ஆனால் மருந்தை விட்டுவிட்டு நம்பும் அளவுக்குச் சான்று இல்லை.

கஞ்சிக் கோப்பைக்குள் என்ன இருக்கிறது

நால்வருக்கான இலைக்கஞ்சியில் ஒரு சுண்டு அரிசி, தேங்காய்ப்பால், ஒரு பிடி இலை. அந்த ஒரு பிடியிலும் குறிஞ்சாவோடு முடக்கொத்தான், முசுட்டை, தூதுவளை என்று கலந்திருக்கும். ஒருவர் கோப்பைக்கு வருவது சில இலை. மிச்சம் பெரும்பாலும் அரிசி. குருதிச் சீனியை ஏற்றப்போவது அந்த அரிசி. இதில் பனங்கட்டியும் கடித்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசம்.

சலரோகக்காரருக்கு வறை கஞ்சியை விட மேல். இரண்டு கட்டு இலையைக் குறுணியாக அரிந்து, சின்னவெங்காயம், செத்தல் மிளகாய், மஞ்சள், உப்போடு வதக்கி, தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி போட்டு இறக்கினால் சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தை வறையால் நிரப்பலாம். பெருங்குறிஞ்சாவானாலும் பரவாயில்லை. கீரை என்ற அளவில் அது நல்ல சாப்பாடு. அதை மருந்து என்று கணக்கெழுதாமல் இருந்தால் சரி.

மருந்தோடு சேரும்போது

கறியாக உண்ணும் அளவில் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பொடியாக, கூட்டுக்குளிசையாக, செறிந்த சாரமாகத் தினமும் எடுப்பது வேறு விடயம். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், கிளிமெபிரைட் போன்ற குளிசைகள் அல்லது இன்சுலின் எடுப்பவருக்கு, அதோடு இதுவும் சேர்ந்தால் குருதிச் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மெற்போர்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்துக் குறைவு. எதுவானாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். "இங்கிலீஷ் மருந்துக்காரர் ஏசுவார்" என்று ஒளிப்பதால், இறங்கிய எண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவர் பிழையான முடிவுக்கு வர நேரும்.

குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், பசி, தலைக்குள் குழப்பம். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இலையை மென்றிருந்தவருக்கு அந்தச் சீனித்தண்ணீர் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும். "சீனி போட மறந்துபோனீர்" என்று வீட்டார் மேல் பாயவும்கூடும். சுவை தெரியாவிட்டாலும் அது வேலை செய்யும், குடித்து முடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்துவது வழமை. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் செறிந்த சாரத்தைத் தவிர்க்க வேண்டும். ஈரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது. கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

பொதியில் வாங்குவோருக்கு

மருந்துச்சரக்குக் கடையில் காய்ந்த இலையாக வாங்கினால் இலை முழுதாக இருக்க வேண்டும்; மயிரும் அளவும் பார்க்கலாம். பொடியில் எதையும் பார்க்க முடியாது. ஒரு சிட்டிகையை நாக்கில் ஒரு நிமிடம் வைத்துக் கொப்பளித்து, சீனி வைத்துப் பாருங்கள். இனிப்பு மங்கவே இல்லை என்றால் அந்தப் பொடி வேறு இலை, அல்லது வீரியம் போன பழஞ்சரக்கு.

பொதியின் மேல் "குறிஞ்சா" என்று மட்டும் இருந்தால் போதாது. ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே என்ற இரு சொற்பெயரும், எந்தப் பாகம் என்பதும் (இலையா, தண்டும் சேர்ந்ததா) இருக்க வேண்டும். சாரம் என்றால் ஜிம்னிமிக் அமிலம் எத்தனை வீதம் என்று போட்டிருப்பார்கள், 25 வீதம் என்பது சந்தையில் வழக்கமான அளவு. சாரத்தின் 400 மில்லிகிராமும் இலைப்பொடியின் 400 மில்லிகிராமும் ஒன்றல்ல. ஆய்வில் சொன்ன அளவை எடுத்து வீட்டுப் பொடியில் நிறுக்கப் போனால் கணக்குப் பிழைக்கும். பச்சை இலையை வீட்டில் காயவைப்பதானால் நிழலில், தாள் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நொறுங்கும் பதம் வந்ததும் இறுக்கமான போத்தலில் போடுங்கள். வாடைக் காற்று ஈரத்தோடு வீசும் மாதங்களில் பாதி காய்ந்த இலை பூஞ்சணம் பிடித்துவிடும், அதை வெயிலில் திரும்பக் காயவைத்துக் காப்பாற்ற முடியாது, எறிய வேண்டியதுதான்.